அரை மாத்திரை கூட

அரை விழுந்துவிட்டது. முழு மாத்திரை உள்ளே போய்விட்டது, அதில் சந்தேகமில்லை, அதன் மாவு ருசி இன்னும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அரையைத்தான் விரல் நழுவவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தரை. இனி ஆறரை வரை வெறும் வயிறு. தைராய்டு மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்துக்குத் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது, காப்பி கூடவே கூடாது, பதினோரு வருஷமாக என் விடியல் எல்லாம் இந்த ஒரு மணி நேரம்தான். ஊரெல்லாம் காப்பி குடித்துவிட்டு எழுந்திருக்கும், நான் எழுந்து உட்கார்ந்து காப்பிக்குக் காத்திருப்பேன். வெறும் வயிறு என்று சொன்னால் இப்போதெல்லாம் எனக்கே சிரிப்பு வருகிறது. வயிற்றில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்தாயிற்று, மிச்சமிருப்பது ஒரு வாழைப்பழத் தண்டி, அது வெறுமையாக இருந்தால் என்ன, நிறைந்திருந்தால் என்ன. அந்த அரை மாத்திரை எங்கே போயிற்று? விழுந்த சத்தமே கேட்கவில்லை. அதற்கு என்ன எடை இருக்கும், எங்கள் பண்டகசாலைத் தராசில் வைத்தால் எண் அசையக்கூட அசையாது. இருபத்திரண்டு வருஷமாகக் கூட்டுறவுப் பண்டகசாலையில் பருப்பு நிறுத்துப் போடுகிறவள் நான். கையால் அள்ளினாலே இருநூறு கிராமா இருநூற்றைம்பதா என்று சொல்லிவிடுவேன். லாரியிலிருந்து மூட்டையை இறக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, விழுகிற சத்தத்தை வைத்தே ஐம்பது கிலோவா இருபத்தைந்தா என்று சொல்லிவிடுவேன், சுமை இறக்குகிறவர்கள் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள். அப்படிப்பட்ட காதுக்கு ஒரு அரை மாத்திரை விழுந்தது கேட்கவில்லை. கேட்காதது நியாயம்தான்.

குனிந்து தேடுகிறேன். அடுப்பு மேடைக்கு அடியில், சிலிண்டருக்குப் பின்னால், பருப்பு டின்களின் இடுக்கில். போன வருஷம் இப்படிக் குனிய முடியாது. அப்போது நூற்றுப் பன்னிரண்டு கிலோ, கீழே விழுந்த எதுவும் விழுந்த கணமே என் மகள் பிருந்தாவுக்குச் சொந்தம், காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், பாவம், பாதி நாள் தரையில் தவழ்ந்தே வளர்ந்தாள். இப்போது அறுபத்தெட்டு. ஏழே மாசத்தில். மதுரையில் ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னதைவிட வேகம், "பரவால்லையே, நல்லா ஒத்துழைக்கிறீங்க" என்று ஐந்தாம் மாசமே பாராட்டினார். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு, தட்டிலிருந்து எடுத்தது எங்காவது இருந்தாக வேண்டும். சாக்கில் குறைந்தால் டின்னில் இருக்கும், டின்னில் குறைந்தால் தரையில் சிந்தியிருக்கும், தரையிலும் இல்லை என்றால் எலியின் வயிற்றில் இருக்கும். ஒன்றுமில்லாமல் போகிற சரக்கு என்று உலகத்தில் எதுவும் கிடையாது. அப்படியானால் என் நாற்பத்து நாலு கிலோ எங்கே? வெட்டிய வயிற்றை ஒரு தட்டில் வைத்து என் வீட்டுக்காரரிடம் காட்டினார்களாம், மனுஷர் இரண்டு நாள் சாப்பிடவில்லை, ஆனால் அது என்ன, கால் கிலோகூட இருக்காது. மற்றது? பிருந்தாவிடம் கேட்டேன். "பெரும்பாலும் மூச்சுக்காத்தாதாம்மா வெளிய போகும், மிச்சம் வேர்வையா, ஒண்ணுக்கா" என்றாள். மூச்சாக! விட்டது இந்த வீட்டுக்குள் விட்ட மூச்சுத்தானே. கொசுவுக்குப் பயந்து ஜன்னல் எல்லாம் சாத்தியே வைத்திருக்கிற வீடு. நாற்பத்து நாலு கிலோ என்றால் ஒரு ஆள். ஒல்லியான ஒரு ஆள். அவள் வெளியே போக வழியில்லை.

சிரித்துக்கொண்டுதான் முதலில் நினைத்தேன், சத்தியமாகச் சிரித்துக்கொண்டுதான். அந்த சிலிண்டர் போடுகிறவர் வந்த அன்றைக்கு ஆரம்பித்தது. மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா இல்லையாம்மா? கொஞ்சம் குண்டா இருப்பாங்களே, சௌந்தரம்னு" என்றார். எட்டு வருஷமாக என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற மனுஷன். நான்தாய்யா சௌந்தரம் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய்க்கொழுப்பு எப்போதும் உண்டு, உடம்புக் கொழுப்பு போனாலும் அது போகவில்லை. "உள்ள இருக்காங்க" என்றேன். அவர் சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து, "நல்லாருக்கீங்களாக்கா" என்று குரல் கொடுத்துவிட்டு, சிலிண்டரை வைத்துவிட்டு இறங்கிப் போனார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினபோது எனக்குச் சமையற்கட்டுக்குள் போகக் கால் வரவில்லை. நானே சொல்லிவிட்டேன், உள்ளே இருக்கிறாள் என்று. வீட்டுக்காரி வாயால் சொன்ன பிறகு அது எப்படி இல்லாமல் போகும்? அன்றைக்குச் சாயங்காலம் அந்த அகல நாற்காலி, நான் பெருத்திருந்தபோது எனக்கென்றே வாங்கின மர நாற்காலி, யாரும் உட்காராமல் ஒரு தடவை முனகியது. மரம் சுருங்கினால் முனகும், எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? இப்போதும் அது இருக்கிறது, அடுப்புக்கு எதிரே, நான் குனிந்து தேடுகிற இடத்துக்கு நேராக, அதன் நாலு கால்களும் என் கண்ணுக்கு முன்னால். அதன் கீழே மட்டும் நான் இன்னும் கையை விட்டுத் தேடவில்லை.

ஆறு ஆகப்போகிறது. பால்காரர் மணி அடித்துவிட்டுப் போகிறார். எனக்கு வேர்க்கிறது. மார்கழி, திண்டுக்கல்லில் மலைக்காற்று இறங்கி வருகிற மாசம், பிருந்தா உள்ளே இரண்டு போர்வைக்குள் சுருண்டிருக்கிறாள், எனக்கு ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போயிருக்கிறது. படுக்கையிலும் அப்படித்தான். இவர் மில்லில் நைட் ஷிப்ட், ஏழு மணிக்குத்தான் வருவார், கட்டிலில் என் பக்கத்து இடம் காலி, ஆனால் அந்தக் காலி இடத்திலிருந்து அனல் அடிக்கிறது, ஒரு பெரிய உடம்பு பக்கத்தில் படுத்திருந்தால் அடிக்குமே அந்த அனல், கல்யாணமான புதிதில் இவர் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாரே, அடுப்பு பக்கத்தில் படுத்த மாதிரி இருக்கிறதென்று, அதே அனல். காதைத் தலையணையில் வைத்தால் கதவு தட்டுகிற சத்தம். யாரோ விடாமல், அவசரமாக, உள்ளே விடு உள்ளே விடு என்று. எழுந்து உட்கார்ந்தால் சத்தம் என் நெஞ்சுக்குள் இருக்கிறது. சில சமயம் நாலு தட்டு தட்டிவிட்டு ஒன்றைத் தட்டாமல் விடுகிறது, அந்த ஒன்றுக்காக நான் காத்திருக்கும்போது செத்துப் பிழைக்கிறேன். பசி வேறு. ஆபரேஷனுக்குப் பிறகு பசி என்கிற ஒன்றே மறந்துபோயிருந்தது, நாலு வாய் கஞ்சி குடித்தால் போதும் என்றிருந்தது, இந்த இரண்டு மாசமாகப் பசி திரும்பி வந்திருக்கிறது, ஆனால் வயிற்றில் இல்லை. பக்கத்தில் இருக்கிறது. யாருடைய பசியோ எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. கை நடுக்கத்தை என்னவென்று சொல்வது? கவுண்டரில் தட்டு காலியாக இருக்கும்போதே தராசில் எண் ஓடுகிறது, மூன்று, ஐந்து, நாலு, பன்னிரண்டு, நிற்கவே மாட்டேன் என்கிறது. கையை எடுங்கக்கா என்றான் பக்கத்துக் கவுண்டர் சேது. என் கை மேடையில் பட்டுக்கொண்டிருந்ததாம், அதன் நடுக்கம் தராசுக்குப் போகிறதாம். கையை எடுத்தேன், எண் நின்றது. ஆனால் பூஜ்யத்தில் நிற்கவில்லை, நாலில் நின்றது. நாலு கிராம். ஒன்றுமே இல்லாத தட்டில். சேது அதைப் பார்க்கவில்லை, வேறு யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டான். மறுநாள் என்னைத் தராசை விட்டு எடுத்து மிளகாய் வற்றல் பாக்கெட் ஒட்டுகிற வேலையில் போட்டார்கள். இருபத்திரண்டு வருஷம். அழுகை வந்தது, அழுதேன், யாருக்கும் தெரியாமல் கழிப்பறையில் நின்று.

மாத்திரையைக் கூட்டியும் இப்படி. கூட்டாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. பத்து வாரத்துக்கு முந்தி மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெண் போன் செய்தாள், சாப்பாட்டு முறை சொல்லித் தருகிறவள், தேன் மாதிரிக் குரல். நல்ல கூட்ட நேரம், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு துவரம் பருப்பு அள்ளிக்கொண்டிருந்தேன். "ரத்த ரிப்போர்ட்ட டாக்டர் பாத்துட்டாங்கம்மா. எடை இறங்க இறங்க தைராய்டு மாத்திரையோட தேவையும் மாறும். ஒண்ணு போட்டுட்டு இருக்கீங்கல்ல, இனிமே உங்களுக்கு அரை மாத்திரை கூடப் போதும்மா" என்றாள். எதிரே நின்ற அம்மா அதே நேரம், "அரைக் கிலோ கூடப் போடும்மா" என்றாள். சரி சரி என்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு அரைக் கிலோ கூடப் போட்டேன். மறுநாள் காலையிலிருந்து எனக்கும் அரை கூடப் போட்டேன், ஒன்றும் அரையும் ஒன்றரை. நியாயமாகத்தான் பட்டது. ரிப்போர்ட்டில் அந்த டி.எஸ்.எச்.சுக்கு நேரே அம்புக்குறி கீழே பார்த்திருந்தது, நானே பார்த்தேன். குறைந்திருந்தால் கூட்ட வேண்டும், தராசுக்காரிக்கு இதை யார் சொல்லித் தர வேண்டும்? பிருந்தாவிடம்கூடச் சொன்னேன், "அரை மாத்திரை கூடப் போதும்னுட்டாங்கடி" என்று, "அப்பாடா, நல்லதும்மா" என்றாள். கூட. எத்தனை சின்னச் சொல். அரைக் கிலோ கூட. என் கூட. அந்த நாளுக்கு அப்புறம்தான் என் கூட யாரோ இருக்கிறாள். கூடவே எழுந்திருக்கிறாள், கூடவே படி இறங்குகிறாள், நான் ஒரு படி இறங்கினால் பின்னால் அரைப் படி இறங்குகிற சத்தம். கூட்டியது மாத்திரையைத்தானே, ஆள் எப்படிக் கூடினாள்?

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடமா இது? கத்தி வைக்காதே, கடவுள் கொடுத்த உடம்பு என்று இவருடைய அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து அழுதார்கள், மாடிப்படி ஏற முடியாதவளுக்குத்தான் தெரியும் கடவுள் கொடுத்ததன் அருமை என்று எடுத்தெறிந்து பேசினவள் நான். இப்போது போய் நெஞ்சு அடிக்கிறது, வெட்டிப் போட்ட சதை வீட்டுக்குள் நடமாடுகிறது என்றால் பைத்தியம் என்பார்கள், அப்போதே சொன்னோமே என்பார்கள். பைத்தியமாகவே இருக்கட்டும். எனக்குப் பயம் அதில்லை. ஒரு நாள் அந்த ஒரு தட்டு விட்டுப்போனது போனதுதான் என்று ஆகிவிட்டால், பிருந்தா காலையில் எழுந்து வந்து இந்தத் தரையில் என்னைப் பார்ப்பாள், அதுதான் என் பயம். ஆபரேஷன் அன்றைக்குத் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தினார்கள், பிருந்தா என் கையை விடவில்லை, "போயிட்டு வர்றேன்டி" என்றேன். போகிற இடம் எதுவானாலும் போறேன் என்று சொல்லக் கூடாது, போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், வாயில் அப்படி ஊறியிருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு கிலோ படுத்துக்கொண்டு சொன்னது அதை. யோசித்துப் பார்த்தால், போயிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் வரவில்லை. வந்தது நான். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவள் வந்துகொண்டே இருக்கிறாளோ என்னவோ, கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சு மூச்சாக. பாவமாகவும் இருக்கிறது. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தி பிருந்தாவைச் சுமந்தவள் அவள்தான், ஊர் சொன்ன கேலியை எல்லாம் வாங்கிக்கொண்டவள் அவள்தான், பஸ்ஸில் இரண்டு சீட்டுக்காரி என்று பேர் வாங்கினவள் அவள்தான். ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினேனா நான்?

ஆறு இருபது. இன்னும் பத்து நிமிஷம். நாற்காலிக்கு அடியில் கையை விடு சௌந்தரம், என்ன பிடித்தா இழுத்துவிடுவாள்? இருட்டுகூட இல்லை, விடிந்துவிட்டது, கீழ்வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது, யாரோ வாசல் தெளிக்கிறார்கள். கையை விடுகிறேன். தரை சுடுகிறது. மற்ற இடமெல்லாம் மார்கழிச் சிமெண்டு, ஐஸாக இருக்கிறது, இந்த ஒரு இடம் மட்டும் யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி சுடுகிறது. என் கைதான் சுடுகிறதோ. துழாவுகிறேன். மாத்திரை இல்லை. ஒரு துணுக்குகூட இல்லை. எடுத்துக்கொண்டாயா? உனக்குத்தானா அந்த அரை? பத்து வாரமாக எனக்கென்று நினைத்துத்தானே விழுங்கிக்கொண்டிருந்தேன், ஒன்று எனக்கு, அரை உனக்கு, உன்னைத் தீனி போட்டு வளர்த்தது நானேதானா. நெஞ்சு தட்டுகிறது. தட்டுகிறது. தட்டுகிறது. விட்டுவிட்டது. காத்திருக்கிறேன். கடிகாரம் ஒரு அடி வைக்கிறது, இரண்டு அடி வைக்கிறது. தட்டியது. நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எழுந்திருக்கத் தெம்பில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, பிருந்தாவைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் எந்தக் குரல் வரும் என்று தெரியவில்லை.

"யார் கூடம்மா பேசிட்டு இருக்க?"

பிருந்தா சமையற்கட்டு வாசலில் நிற்கிறாள். உள்ளே வரவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்திருக்கிறாள், முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் எங்கடி பேசினேன்?"

"அஞ்சரைல இருந்து பேசிட்டே இருக்கம்மா. வெறும் வயிறு, சிலிண்டர்காரரு, அத்தை, எல்லாம் கேட்டுச்சு. படுத்துட்டே கேட்டுட்டு இருந்தேன், பயமா இருந்துச்சு, எந்திரிச்சு வர முடியல."

நான் பேசவில்லை. நினைத்தேன், அவ்வளவுதான். உதட்டைத் தொட்டுப் பார்க்கிறேன், காய்ந்திருக்கிறது, நாக்கு வறண்டிருக்கிறது, ஒரு மணி நேரம் பேசின வாய் எப்படி வறண்டிருக்குமோ அப்படி.

"அஞ்சரைக்கு ஏன்டி முழிச்ச?"

"என்னமோ தொப்புனு விழுந்துச்சே. நீதான் விழுந்துட்டியோன்னு திக்குனு ஆயிருச்சு. அப்புறம் உன் பேச்சு கேட்டுச்சு. என்னம்மா விழுந்துச்சு?"

"அரை மாத்திரை."

"எந்த அரை மாத்திரை?"

"தைராய்டுதான். முழுசு போட்டுட்டேன், கூடப் போடற அரை கை தவறிருச்சு."

அவள் உள்ளே வந்தாள். போர்வை தோளிலிருந்து சரிந்தது, எடுக்கவில்லை. "கூடப் போடற அரையா? உனக்கு மொத்தமே அரைதானம்மா?"

"அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்ல, அரை கூடப் போதும்னு. உன்கிட்டயே சொன்னேனே."

"ஐயோ அம்மா." என் பக்கத்தில் மண்டியிட்டாள். "அரை கூடப் போதும்னா அரையே போதும்னு அர்த்தம்மா. ஒண்ணு வேண்டாம், அரை போதும்னு குறைச்சிருக்காங்க. நான் அப்பாடான்னு சொன்னது அதுக்குத்தான். நீ பத்து வாரமா ஒன்னரை போட்டுட்டு இருக்கியா? மூணு மடங்கும்மா!"

"அம்புக்குறி கீழ பாத்திருந்துச்சே."

"அது கீழ போனா உடம்புல தைராய்டு ஜாஸ்தின்னு அர்த்தம். குறைக்கணும். கூட்டக் கூடாது."

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். உதடு அசைய எண்ணினாள், பாதியில் எண்ணிக்கை தவறியது, மறுபடி எண்ணினாள், அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே போனை எடுத்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். என் மகள் எவ்வளவு கெட்டிக்காரி. வேர்க்குதா, ஆமா டாக்டர், கை நடுங்குதா, ஆமா டாக்டர், தூக்கமில்ல, எடை வேகமா இறங்கிச்சு, தனியா பேசறாங்க டாக்டர். ஒவ்வொரு ஆமாவுக்கும் என் பத்து வார ரகசியம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. எல்லாமே மாத்திரை. அனல் மாத்திரை, பசி மாத்திரை, கதவு தட்டியது மாத்திரை. இனி ஒரு மாத்திரையும் வேண்டாம், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போய் இ.சி.ஜி. எடுங்கள், படியில் தனியாக இறங்க விடாதீர்கள் என்றாராம். எல்லாம் கூட என்கிற ஒரே ஒரு சொல். காலமெல்லாம் நான் காதால் கேட்டு நிறுத்துப் போட்ட சொல். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது, செத்திருப்பேனே என்று உடம்பு ஒரு தடவை உதறியது. இவ்வளவுதானா, பேயுமில்லை பிசாசுமில்லை, அரை மாத்திரைதானா என்று நாற்காலியைப் பார்த்தேன். வெறும் நாற்காலிதான்.

பிருந்தா ஆட்டோவுக்குச் சொன்னாள், அப்பாவை நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள், எனக்குச் சேலையைச் சுற்றிவிட்டாள். குனிந்து மடிப்பு வைத்தாள். அப்போதுதான் அது உறைத்தது. எல்லாம் மாத்திரை. ஆனால் மாத்திரை சாப்பிட்டது நான்தானே, இவள் இல்லையே.

"பிருந்தா, அந்தச் சத்தம். அஞ்சரைக்குக் கேட்டியே."

"இப்ப அதுவாம்மா முக்கியம்?"

"எத்தன கிலோ இருக்கும்?"

அவள் கொசுவத்தைச் செருகிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தராசுக்காரி மகள், சின்ன வயதில் பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் பருப்புச் சாக்கு மேல் தூங்கி வளர்ந்தவள். "அரிசி மூட்டைனுதான் நெனச்சேன்" என்றாள். "ஆனா அம்பது கிலோ மூட்டை இல்ல. கொஞ்சம் கம்மி."

சமையற்கட்டைத் தாண்டும்போது பார்த்தேன், டின்கள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன, சிலிண்டர் நின்றபடி நின்றது, விழுந்த பொருள் என்று அங்கே எதுவும் இல்லை. கடிகாரம் ஆறு ஐம்பது. காப்பி நேரம் தாண்டியும் நான் குடிக்கவில்லை. கீழே ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. பிருந்தா என்னை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைப் பூட்டினாள். போயிட்டு வர்றேன் என்று சொல்ல நாக்கு தன்னால் எழுந்தது, நான் அடக்கிக்கொண்டேன். போன தடவை அப்படிச் சொல்லிவிட்டுப் போனவள் திரும்பி வரவில்லையே, இந்தத் தடவை எனக்குத் திரும்பி வர வேண்டும், இந்தப் பெண்ணிடம் நானே திரும்பி வர வேண்டும். இரண்டு உதடுகளையும் பல்லால் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றேன். நினைப்பதுகூட வெளியே கேட்டுவிடும் என்று நினைப்பதையும் நிறுத்தினேன்.

பிருந்தா சாவியைத் திருப்பின கையோடு அப்படியே நின்றாள். பிறகு கோபமாகத் திரும்பினாள், கண் கலங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்ப போறேன்னா சொல்லுவாங்க? போயிட்டு வர்றேன்னு சொல்லும்மா."

நான் வாயைத் திறக்கவே இல்லை. பல்லுக்கு அடியில் உதடு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. பூட்டின கதவைப் பார்த்தேன். இத்தனை வருஷம் என்னைச் சுமந்தவள், ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நான் வெட்டிப் போட்டவள், அவளாவது சொல்லிக்கொண்டு போகிறாள். கதவில் கையை வைத்தேன். அப்புறம்தான் வாயைத் திறந்தேன்.

"போயிட்டு வா" என்றேன்.